குப்பை வாளியின் பின்னால் நடந்திருக்க வேண்டும்

உரக்குழியை மூடிய அன்று நான் கீழே இறங்கவில்லை. மாடியில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் வந்து, பாதி மக்கிய குப்பையை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்று தொட்டிகளையும் மண் கொட்டி நிரப்பிவிட்டுப் போனார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதைக் கட்டி ஓட வைக்க எனக்கு 14 மாதம் ஆகியிருந்தது. என் கையிலிருந்து போன காசு ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். அதோடு பத்து வருடப் பழக்கம் ஒன்றும் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

குப்பையை எப்படி மக்க வைப்பது என்பதைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அதெல்லாம் எனக்கும் அத்துப்படி ஆகிவிட்டிருந்தது. எனக்குத் தெரியாமல் போனது ஆட்களை. யாரெல்லாம் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று நான் போட்ட கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு. என்னைப் போல ஒரு பொதுக் காரியத்தைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளப் போகிற யாருக்காவது இது உதவினால் சரி.

எங்கள் குடியிருப்பில் 160 வீடுகள். நடுவில் பொது இடம் ஒன்று, அதன் மூலையில் யாருக்கும் பயன்படாத ஒரு துண்டு நிலம். அங்கே மூன்று தொட்டி கட்டி, சமையலறைக் குப்பையை நாமே உரமாக்கலாம் என்பது என் யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டேன். 42 பேர் வந்தார்கள். படம் போட்டு விளக்கினேன், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், கடைசியில் எல்லாரும் கை தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்றேன். 160 வீட்டில் 42 பேர் எப்படி எல்லாரும் ஆனார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் கணக்கு வேலை பார்ப்பவன்.

அந்த வாரமே ஒரு பட்டியல் போட்டேன். தலைப்பு, ‘பங்குதாரர்கள்’. திட்ட அறிக்கைகளில் அந்தச் சொல்லைத்தான் பார்த்திருந்தேன். அந்தச் சொல்லே என்னை ஏமாற்றிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். பங்குதாரர் என்றால் நமக்குக் காசு போட்டவர், லாபத்தில் பங்கு உள்ளவர் என்றுதானே மனசு போகும்? ஆகவே நானும் காசு கொடுத்தவர்கள், அனுமதி கொடுக்கிறவர்கள், கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று ஐந்து பெயர் எழுதினேன்: குடியிருப்போர் சங்கத் தலைவர், பொருளாளர், உள்ளாட்சி அலுவலகத்தில் ஓர் அதிகாரி, நன்கொடை கொடுத்த இரண்டு பேர். ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்று தலைப்புப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ. ‘பயனாளிகள்’ என்ற சொல்லும் இப்படித்தான், நஷ்டப்படப்போகிறவர் யார் என்ற கேள்வியையே எழ விடாது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். இடத்தை வந்து பார்த்தார், "தாராளமா பண்ணுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித் தொட்டி கட்டினேன். மூன்றாவது மாதம் அவருக்கு மாற்றல். புதிதாக வந்தவருக்கு என் பெயரும் தெரியாது, இடமும் தெரியாது. பின்னாளில் புகார் போனபோது, அந்த அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் என்னிடம், "ஒரு தாள் உள்ள இருந்திருந்தா நானே எடுத்து வச்சிருப்பேன் சார்" என்றார். ஐந்தாறு முறை அவர் மேஜையைத் தாண்டித்தான் அதிகாரியின் அறைக்குள் போயிருக்கிறேன். ஒரு முறைகூட நின்று பேசியதில்லை. வாய்வார்த்தை கொடுப்பவர் ஒருவர், அந்த வார்த்தையைத் தாளில் காப்பாற்றி வைப்பவர் வேறொருவர். இரண்டு பேரும் பட்டியலில் இருக்க வேண்டும். மேலிடத்தில் இருப்பவர் மாறிப்போவார், கீழே இருப்பவர் பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார்.

தொட்டி தயாரானதும் வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தோம், பச்சை ஒன்று, நீலம் ஒன்று. முதல் வாரம் பச்சை வாளியில் வந்தவை: பால் பாக்கெட், சவர பிளேடு, குழந்தையின் டயப்பர், உடைந்த கண்ணாடி. கையுறை போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்து பிரித்தேன். பிளேடு கிழித்து ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். குழுவில் அறிவிப்புப் போட்டேன், அப்புறம் பெரிய எழுத்தில் போட்டேன், அப்புறம் கொஞ்சம் திட்டியும் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. இவ்வளவு படித்தவர்களுக்கு ஈரக் குப்பை எது, காய்ந்த குப்பை எது என்று தெரியாதா என்று ஒரு நாள் ராத்திரி வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நம்ம வீட்டுல குப்பையப் பிரிக்கறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. உண்மையிலேயே தெரியாது. காலையில் வேலைக்கு வரும் அம்மாதான் எங்கள் வீட்டிலும் பிரிக்கிறார். அவர் வராத நாளில் மனைவி. கூட்டத்துக்கு வந்த 42 பேரில் முப்பது பேருக்கு மேல் ஆண்கள், தன் வீட்டு வாளியைக் கையால் தொடாதவர்கள். அவர்கள் தூக்கிய கை ஒன்று, வாளியைத் தூக்குகிற கை வேறொன்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு வாளிக்காரர்களில் பாதிப் பேர் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கூட்டத்தின் நேரத்தைக் குறித்த அந்தக் கணத்திலேயே யார் வர முடியாது என்பதையும் நான் முடிவு செய்துவிட்டேன். அது ஒரு முடிவு என்பதே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டு அம்மாவிடமே கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். ஒரு காலைக்குள் ஐந்து வீடு முடிக்க வேண்டும். முன்பு ஒரே பை, போகிற வழியில் போட்டுவிட்டுப் போவார். இப்போது பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு மூலை வரைக்கும் நடந்து, கழுவி, திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை. கூலி அதேதான். "நீங்க நல்லதுதான் செய்யறீங்க சார். ஆனா யாரும் எங்களக் கேக்கலையே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்தது நாற்றம். சமையலறைக் குப்பையில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருந்தால்தான் ஒழுங்காக மக்கும். அதற்குக் காய்ந்த சருகு வேண்டும், ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு மூன்று வாளி சருகு. சருகு குறைந்தால் உள்ளே காற்றுப் போகாமல் அழுகும், ஈ மொய்க்கும். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். சருகு எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. மரத்தூளை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கினேன். போன காசில் பெரும்பகுதி அதற்குத்தான். ஆறாவது மாதம், அதிகாலையில் தெருக் கூட்டும் பெண்மணி நான் மூட்டை பிரிப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். "இதுக்கா காசு குடுக்கறீங்க? நாங்க தினமும் நாலு மூட்டை இலை கூட்டி, இழுத்துக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் கொட்டறோம். இங்கயே கொட்டச் சொல்லியிருந்தா எங்களுக்கும் நடை மிச்சம்." முதல் வாரமே நாற்றம் வரும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆட்களைத் தேடும்போது எதிர்ப்பவர் யார், ஆதரிப்பவர் யார் என்று மட்டுமே யோசித்திருந்தேன். எனக்கு வேண்டிய பொருளைத் தினமும் கையில் வைத்திருந்தவரை யோசிக்கவே இல்லை. அவர் ஆதரவாளரும் இல்லை, எதிராளியும் இல்லை. அவருக்கு என் திட்டம் இருக்கிறதென்றே தெரியும், எனக்குத்தான் அவர் இருப்பது தெரியாது.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கமான பகுதி. எங்கள் குடியிருப்புக்கு வெகுகாலமாக ஒரு பெரியவர் வருவார். கலந்து கிடக்கும் குப்பையிலிருந்து பாட்டில், அட்டை, தகரம் பொறுக்கி விற்பவர். நான் காய்ந்த குப்பையை மொத்தமாக ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தேன். தொட்டிகளைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டும் போட்டேன். ஒரே வாரத்தில் அவருடைய பிழைப்பைப் பூட்டிவிட்டேன் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு ராத்திரி பூட்டு உடைந்து கிடந்தது. குழுவில் எழுதினேன்: "யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும்." மறுநாளிலிருந்து காவலாளி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. நான் போட்ட வேலிக்குள் ஒரு பக்கத்துக் குடிநீர்க் குழாயின் வால்வு மாட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி குழாய் உடைந்து தண்ணீர் கொட்ட, வால்வை மூட வேறு வழியில்லாமல் குழாய் வேலை பார்ப்பவர்தான் பூட்டை உடைத்திருக்கிறார். சாவி என் வீட்டில் இருந்தது, நான் ஊரில் இல்லை. அவர் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், காவலாளி என்னிடம் சொல்ல மறந்துவிட்டார், அல்லது நான் எழுதியதைப் பார்த்த பிறகு சொல்லப் பயந்துவிட்டார்.

பெரியவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். ஒன்றும் பேசவில்லை.

ஒரு இடத்தில் புதிதாக எதையாவது கட்டப்போகிறீர்கள் என்றால், அந்த இடத்தை இப்போது யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள். ‘யாருக்கும் பயன்படாத’ நிலம் என்று நான் எழுதினேனே, அதன் அடியில் குழாய் ஓடியது, அதன் ஓரத்தில் ஒருவர் அட்டையைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார், அதன் வழியாக இரண்டு பேர் குறுக்கே நடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கப் போன நேரம் சாயங்காலம் நாலு மணி. அப்போது யாருமில்லை.

இதற்கிடையில் பத்து வருடப் பழக்கம் போன கதை. ஐந்து பெயர் போதாது என்று புரிந்ததும், வேகவேகமாக ஒரு கணினிப் பட்டியல் தயாரித்தேன். யார், என்ன செல்வாக்கு, எப்படிப்பட்டவர், எப்படிச் சமாளிப்பது என்று கட்டம் கட்டமாக. என் நண்பர் ஒருவர், தினமும் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருபவர், அவர் பெயருக்கு எதிரே ‘பேச்சோடு சரி, வேலைக்கு ஆகாது’ என்று எழுதியிருந்தேன். இன்னொருவருக்கு எதிரே ‘தொல்லை’. தொடர்பு எண்களுக்காக அதன் இணைப்பை உதவியாளர் பையனுக்கு அனுப்பினேன், அவன் நல்லெண்ணத்தில் குழுவிலேயே போட்டுவிட்டான். பத்து நிமிடத்தில் அழித்தோம். பத்து நிமிடம் போதும். நண்பர் அதன் பிறகு என்னோடு நடக்க வரவில்லை. ஆகவே ஒன்று சொல்வேன்: பட்டியலில் எழுதுவது எதுவாக இருந்தாலும், அந்த ஆளே பக்கத்தில் உட்கார்ந்து படித்தாலும் நீங்கள் தலை குனியாத மாதிரி எழுதுங்கள். ‘தொல்லை’ என்பதற்குப் பதில் ‘வண்டி நிறுத்தும் இடம் குறையும் என்று கவலைப்படுகிறார்’ என்று எழுதியிருக்கலாம். அது உண்மையும்கூட, அதை வைத்து ஏதாவது செய்யவும் முடியும். ‘தொல்லை’ என்று எழுதிவைத்தால் அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்ற எண்ணமே வராது.

திட்டத்தைக் கடைசியில் மூடியது இவர்கள் யாரும் இல்லை. தொட்டிகளுக்கு அடுத்த சுவர் ஒரு வீட்டினுடையது. அந்த வீட்டின் ஒரு ஜன்னல் தொட்டிப் பக்கம் திறக்கும். உள்ளே படுத்த படுக்கையாக ஒரு மூதாட்டி. மகள்தான் பார்த்துக்கொள்கிறார், அவரால் அம்மாவை விட்டுவிட்டு எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. நாற்றம் தொடங்கியதும் என் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு கடிதம் வைத்தார். "கொஞ்ச நாளில் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதினேன். அடுத்த மாதம் இன்னொரு கடிதம். அதற்குப் பதிலே எழுதவில்லை, அந்த வாரம் எனக்கு வேலை அதிகம். மூன்றாவது கடிதம் எனக்கு வரவில்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனது, 31 கையெழுத்தோடு. அந்த 31 பேரில் 11 பேர் என் கூட்டத்தில் கை தூக்கியவர்கள். அந்தப் பதினொரு பெயரையும் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். துரோகம் என்றுகூட நினைத்தேன். உண்மையில் அன்று கூட்டத்தில் அவர்கள் ஒத்துக்கொண்டது நல்ல யோசனைக்கு, ஆறு மாத நாற்றத்துக்கு அல்ல. இடையில் ஒரு முறைகூட நான் திரும்பப் போய்க் கேட்கவில்லை. முதல் மாதத்தின் சம்மதத்தைப் பன்னிரண்டாவது மாதம் வரைக்கும் செல்லும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

மூடிய பிறகு இரண்டு மாதம் எந்தப் பொதுக் காரியத்தைப் பற்றியும் பேச்சு எடுக்கவில்லை. யாராவது லிஃப்டில் பார்த்துச் சிரித்தால்கூட கேலியோ என்று தோன்றும். அப்புறம் சமூகப் பணியில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "மாமா, நீங்க ஒரு பக்கத்த மட்டும் எண்ணியிருக்கீங்க" என்றாள். 1984-இல் எட்வர்ட் ஃப்ரீமன் என்ற மேலாண்மைப் பேராசிரியர் ‘பங்குதாரர்’ என்ற சொல்லுக்குச் சொன்ன விளக்கம் இரண்டு பக்கமும் பார்க்கும் என்றாள்: நம் காரியத்தைப் பாதிக்கக் கூடியவர்களும் சேர்த்தி, நம் காரியத்தால் பாதிக்கப்படுகிறவர்களும் சேர்த்தி. என் ஐந்து பேரும் முதல் பக்கம். பெரியவரும் ஜன்னல் வீடும் இரண்டாம் பக்கம். வேலைக்கு வரும் அம்மாக்கள் இரண்டு பக்கமும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டும் காட்டினாள். ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை. இரண்டும் அதிகம் உள்ளவரை அருகில் வைத்துக்கொள், அதிகாரம் மட்டும் உள்ளவரைத் திருப்தியாக வை, அக்கறை மட்டும் உள்ளவருக்குத் தகவல் சொல், இரண்டும் குறைந்தவரைச் சும்மா கவனித்துக்கொண்டிரு. ஆப்ரி மெண்டலோ என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டம் இது, திட்ட வேலை செய்பவர்கள் எல்லாரும் போடுவது. எனக்கு அது முழுக்கத் திருப்தி தரவில்லை. அந்தக் கட்டத்தை நான் முதல் நாளே போட்டிருந்தாலும், வாளி தூக்கும் அம்மாவைக் கடைசி மூலையில்தான் எழுதியிருப்பேன். அதிகாரம் இல்லை, அக்கறையும் இல்லை என்று. ஆனால் அவர் ஒரு பிளேடைப் பச்சை வாளியில் போட்டால் என் திட்டம் நின்றது. அலுவலக அதிகாரத்தை மட்டும் அதிகாரம் என்று எண்ணுகிற கண்ணுக்கு அந்தக் கட்டம் பெரிய உதவி செய்யாது. கையில் என்ன இருக்கிறது, எதை அவரால் நிறுத்த முடியும் என்று கேட்டுவிட்டுக் கட்டத்தில் போட வேண்டும்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்கு அதிகம் பயன்பட்டது. மிட்செல், ஏகிள், வுட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997-இல் எழுதியது. ஒருவரிடம் மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்கிறார்கள்: அதிகாரம் இருக்கிறதா, அவர் கேட்பது நியாயமா, அது அவருக்கு அவசரமா. நியாயமும் அவசரமும் இருந்து அதிகாரம் மட்டும் இல்லாதவர், தன் காரியம் நடக்க அதிகாரம் உள்ள வேறு யாரையாவது சார்ந்திருப்பார். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஜன்னல் கண்ணில் வந்து நின்றது. இரண்டு கடிதம் வரைக்கும் அந்த மகளிடம் அதிகாரம் இல்லை. மூன்றாவது கடிதத்தில் 31 பேரின் அதிகாரம் சேர்ந்துவிட்டது. இந்த மூன்றும் ஓர் ஆளிடம் நிலையாக இருப்பதில்லை, மாறிக்கொண்டே இருக்கும். நான் பட்டியலை ஒருமுறை எழுதி மடித்து வைத்துவிட்டேன்.

என் கூட்டத்தைப் பற்றியும் கேட்டாள். "யோசனைய மாத்தற மாதிரி யாராவது ஏதாவது சொன்னாங்களா? சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்களா?" இல்லை. இடம், தொட்டி அளவு, வாளி நிறம் வரைக்கும் முடிவு செய்துவிட்டுத்தான் கூட்டினேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற கொள்கை ஆய்வாளர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்தாராம். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது எல்லாம் அதில் நடுப்படிகள், பெயருக்குப் பங்கேற்பு என்ற பகுதி. என் கூட்டம் மூன்றாம் படி. நான் எட்டாவதில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஒரே வரிசையில் 24 வீடு மட்டும். ஒரு செங்கல்கூட வாங்காமல் ஒரு வாரம் குப்பையின் பின்னாலேயே நடந்தேன். அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. எந்தப் பொருளைப் பற்றிய திட்டமோ அந்தப் பொருள் யார் கையில் தொடங்கி யார் யார் கை மாறி எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்தால் ஆட்கள் தானாக வருவார்கள். குழாய்த் திட்டமானால் தண்ணீர், படிப்பகமானால் புத்தகமும் சாவியும். காலை ஐந்தரைக்கு ஒரு நாள், மதியம் ஒரு நாள், ராத்திரி பத்து மணிக்கு ஒரு நாள், மழை பெய்தபோது ஒரு நாள் போய் நின்றேன். நேரத்துக்கு நேரம் வேறு வேறு ஆள். பார்த்தவர்களிடமெல்லாம், "இதப் பத்தி இன்னும் யாரப் பாக்கணும்?" என்று கேட்டேன். பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியதும் நிறுத்தினேன். யாருமே சொல்லாத ஆள் யார் என்றும் யோசித்தேன். அப்படித்தான் தோட்ட வேலைக்காரர் கிடைத்தார். உரத்தைக் கடைசியில் பயன்படுத்த வேண்டியவர் அவர், அவருக்குக் கட்டிக்கட்டியாக இருந்தால் வேண்டாம், சலித்துக் கொடுத்தால்தான் வேண்டுமாம். முதல் முறை என் உரம் மூட்டையிலேயே கிடந்ததன் காரணம் இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

கூட்டம் போடவில்லை. அவரவர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேசினேன். "இது நல்லதா?" என்று கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன், மரியாதைக்கு எல்லாரும் நல்லது என்றே சொல்வார்கள். "இது வந்தா உங்க வேலையில எது மாறும்? நாளைக்கு இது நின்னுபோனா உங்களுக்கு நிம்மதியா, கஷ்டமா?" என்று கேட்டால் வேறு மாதிரி பதில் வரும். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று இரண்டாவது முறையும் கேட்டேன். வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டவருக்கு உண்மையில் வண்டியைப் பற்றிக் கவலை இல்லை, ராத்திரி வேலை முடிந்து வரும் மகள் இருட்டில் தூரம் நடக்கக் கூடாது என்பதுதான். அந்த மூலையில் ஒரு விளக்குப் போட்டோம். முடிந்தது.

பட்டியலில் இப்போது நான்கு கட்டம்தான். யார், கையில் என்ன இருக்கிறது, இதனால் என்ன இழப்பார், கடைசியாக எப்போது பேசினேன். அந்த நாலாவது கட்டத்தில் தேதி ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அந்த வாரம் போய்ப் பார்த்துவிடுவேன். வாளி தூக்கும் வேலைக்கு 24 வீட்டாரும் சேர்ந்து மாதக் கூலி வைத்தோம், வாளி வாசல் வரை வந்தால் போதும். தெருக் கூட்டுபவர்களின் மேற்பார்வையாளரிடம் பேசிச் சருகு எங்களுக்கே வருகிறது. அனுமதி தாளில் இருக்கிறது, அதன் நகல் எழுத்தரிடமும் இருக்கிறது. குழாய்க்காரரிடம் ஒரு சாவி. ஒன்பது மாதமாக ஓடுகிறது. இரண்டு வீடு விலகிக்கொண்டன, ஏன் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாரையும் திருப்திப்படுத்த முடிந்ததா என்றால் இல்லை. ஆட்களைத் தெரிந்துகொண்டதும் சண்டை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலருக்கு உண்மையிலேயே நஷ்டம்தான், அதைப் பேசி மறைக்க முடியாது. ஈடு செய்ய முடிந்தால் செய்ய வேண்டும், முடியாதபோது முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஜன்னல் வீட்டுக்குப் போனேன். தொட்டி இந்த முறை அவர்கள் பக்கமே இல்லை என்று சொல்லத்தான் போனேன். மூதாட்டி அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அந்த மகள் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், உரம் எப்போது கிடைக்கும், தொட்டிச் செடிக்கு வேண்டும் என்றார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

காய்ந்த குப்பை இப்போது அந்தப் பெரியவருக்கே போகிறது. பிரித்துச் சுத்தமாக வைக்கிறோம், காலையில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். அவர் பெயருக்கு எதிரே ‘என்ன இழப்பார்’ என்ற கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன். நாலாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நான் வாசலில் நின்றால் அவர் காவலாளியிடம் மட்டும்தான் பேசுகிறார்.